என் மாமியாரின் தட்டு

1978-ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு நாள் காலை, கல்கத்தாவில் லேக் மார்க்கெட் அருகே இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு மீன் வந்தது. பெரிய பித்தளைத் தாம்பாளத்தில், சிவப்புத் துணி போர்த்தி, வாலில் ஜரிகை சுற்றி, நெற்றியில் குங்குமம் வைத்து. அம்மா 'சிவசிவா' என்று முன்றானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாட்டி பூஜை அறைக் கதவைச் சாத்தினாள். சம்பந்தி வீட்டுச் சீரை வாசலில் நிற்க வைக்கக் கூடாது என்ற மரியாதையில் அப்பா மட்டும் அசையாமல் நின்றார்.

வங்காளிக் கல்யாணங்களில் பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்கு வரும் சீரில் முழு ரோகு மீன் ஒன்று கட்டாயம் இருக்கும். அதை மணப்பெண் மாதிரி அலங்கரித்து அனுப்புவார்கள். மீன் இல்லாத சீர், தேங்காய் இல்லாத நம் ஊர்த் தாம்பூலத் தட்டைப் போல. எனக்கு இது தெரியும். ஆனாலும் எங்கள் வீட்டுக்கு வராது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா துணியை விலக்கினார். உள்ளே இருந்தது சந்தேஷ். மர அச்சில் அழுத்தி, செதில் செதிலாக, துடுப்பு முதற்கொண்டு அப்படியே மீன்தான். கண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கிராம்பு. தாம்பாளத்தைத் தூக்கிவந்த பையன், "இது நீந்தாது என்று சொல்லச் சொன்னார்கள்" என்றான். அப்பா சிரித்துவிட்டார். நான் ஒரு வங்காளியைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து, எட்டு மாதங்களில் அவர் சிரித்தது அன்றுதான்.

சந்தேஷ் மீனை அனுப்பியவர் என் மாமியார். அவர் இறந்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. நல்ல மாமியார் என்று ஒருவரைப் பற்றி எழுதினால் நம்புவதற்குப் பலர் தயாராக இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர் எல்லா விதத்திலும் நல்லவர் என்று நானும் சொல்ல வரவில்லை. பிடிவாதக்காரர். கணக்கில் ஐந்து பைசா குறைந்தால் ராத்திரி தூங்கமாட்டார். தன் பெண்ணிடம் காட்டாத பொறுமையை மருமகள்களிடம் காட்டினார் என்று என் நாத்தனாருக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு, அதில் நியாயமும் உண்டு.

லேக் மார்க்கெட்டுக்கும் ஜாதவ்பூருக்கும் நடுவே நாலைந்து கிலோமீட்டர்தான். ஆனால் நான் அந்தப் பக்கம் அதிகம் போனதில்லை. லேக் மார்க்கெட் என்றால் அந்த நாளில் தமிழர்களுக்குக் கல்கத்தாவில் ஒரு சின்ன மயிலாப்பூர். காப்பிப்பொடி, கறிவேப்பிலை, வாழை இலை எல்லாம் அங்கே கிடைக்கும். கம்பெனிகளில் ஸ்டெனோவாகவும் கணக்கராகவும் வந்த குடும்பங்கள் ராஷ்பிகாரி அவென்யூவைச் சுற்றி வாழ்ந்தன. அப்பாவும் அப்படி வந்தவர்தான். நான் பிறந்தது, படித்தது, பாங்கில் வேலைக்குச் சேர்ந்தது எல்லாம் அங்கேயே. வங்காளி எனக்குச் சரளமாக வரும். ஆனால் அது பஸ்ஸிலும் கடையிலும் அலுவலகத்திலும் கற்ற வங்காளி. ஒரு வங்காளி வீட்டு அடுக்களைக்குள் அதுவரை நான் கால் வைத்ததில்லை.

நான் போய்ச் சேர்ந்த வீடு ஒரு அகதிக் குடியிருப்பில் இருந்தது. ஜாதவ்பூர் 8பி பஸ் நிலையத்தில் இறங்கி, குளத்தங்கரையோடு நடந்து போகவேண்டும். என் மாமியார் டாக்கா மாவட்டத்தில் விக்ரம்பூரைச் சேர்ந்தவர். 1950 பிப்ரவரியில் கிழக்கு வங்காளத்தில் கலவரம் மூண்டபோது, கணவரோடும் மூன்று வயதுப் பெண்ணோடும் வயிற்றில் பிள்ளையோடும் கிளம்பினார். கோயாலந்தோ வரை ஸ்டீமர், அங்கிருந்து ரயில், பிறகு சியால்டா ரயில் நிலையத்தின் பிளாட்பாரம். பிளாட்பாரத்தில் பதினொரு நாள். வயிற்றில் இருந்த பிள்ளைதான் பிற்பாடு என் கணவர்.

தெற்குக் கல்கத்தாவில் காலியாகக் கிடந்த நிலங்களில் அகதிகள் இரவோடு இரவாகக் குடிசை போட்ட காலம் அது. மூங்கில் தட்டிச் சுவர், மேலே ஓடோ தகரமோ. நிலக்காரர்களின் ஆட்கள் தடியோடு வருவார்கள். முதலில் பார்க்கிற வீட்டுப் பெண் சங்கை எடுத்து ஊதுவாள். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று தெரு முழுக்கச் சங்கு முழங்கும். ஆண்கள் வந்து சேருவதற்குள் பெண்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு முன்னால் நிற்பார்கள். நிறைமாதக் கர்ப்பிணியான என் மாமியார், மீன் நறுக்குகிற அரிவாள்மணையோடு நின்றாராம். "அவர்களுக்குப் பயம் அரிவாள்மணையைப் பார்த்து இல்லை. அங்கேயே பெற்றுப் போட்டுவிடுவேனோ என்றுதான்" என்பார். அனுமதியின்றிக் குடியேறியவர்களை வெளியேற்ற மேற்கு வங்க அரசு 1951-இல் சட்டம் கொண்டுவந்தது. அதற்கெதிராக ஊர்வலம் போனவர்களில் அவரும் ஒருவர், இடுப்பில் கைக்குழந்தையோடு. இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். விக்ரம்பூரில் விட்டுவந்ததைப் பற்றிக் கேட்டால் மட்டும் மாமரம், குளம், பத்மா நதி, இலிஷ் மீன் என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

1960-இல் மாமனார் டைபாய்டில் போய்விட்டார். மாமியாருக்கு அப்போது முப்பத்தாறு வயது. மூன்று குழந்தைகள். தையல் மிஷினில் ரவிக்கையும் பாவாடையும் தைத்து, ராத்திரியில் பழைய செய்தித்தாள்களைக் கடைக்குப் பொட்டலப் பைகளாக ஒட்டிக்கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்.

கல்யாணமாகிப் போன முதல் நாளே அந்த வீட்டில் இரண்டு அடுப்புகளைப் பார்த்தேன். சமையலறைக்குள் ஒன்று. பின்தாழ்வாரத்தில் சாணியிட்டு மெழுகிய மேடையில் இன்னொன்று. அரிவாள்மணையும் இரண்டு. பாத்திரங்களும் தனித்தனி. தாழ்வாரத்து அடுப்பு மாமியாருடையது.

வங்காளத்தில் ஒரு பெண்ணுக்குக் கணவன் இறந்தால் வளையலும் குங்குமமும் போவதோடு நிற்பதில்லை. மீன் போய்விடும். வெங்காயம், பூண்டு போய்விடும். மைசூர்ப் பருப்பு கூடாது, அது ஏனோ அசைவக் கணக்கில் சேர்ந்துவிட்டது. மற்றவர்களுக்குப் புழுங்கலரிசி, அவளுக்குப் பச்சரிசி. சோறு ஒரு வேளைதான், மத்தியானம், எல்லோரும் சாப்பிட்ட பிறகு, குளித்துவிட்டுத் தானே சமைத்து. ராத்திரிக்குப் பொரியும் பாலும். ஏகாதசிக்குத் தண்ணீர்கூட இல்லாத விரதம். ஆனி மாதம் அம்புபாசி வந்தால் மூன்று நாள் அடுப்பு மூட்டக் கூடாது, பழந்தான். என் மாமியார் இத்தனையையும் கடைப்பிடித்தார். கோயில் குளம் என்று அலைகிறவர் அல்ல. பிள்ளையார் படத்துக்கு முன்னால் அரை நிமிஷத்துக்கு மேல் நின்று நான் பார்த்ததில்லை. ஆனால் இதில் ஒரு இம்மி விலகமாட்டார்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். பச்சரிசிச் சோறு, வாழைப்பூ, வாழைத்தண்டு, பாசிப்பருப்பு, மீன் கிடையாது. பிறந்தது முதல் நான் சாப்பிட்டு வந்த சாப்பாடு, அந்த வீட்டில் விதவையின் சாப்பாடு! நெற்றி நிறையக் குங்குமமும் கையில் சங்கு வளையுமாகப் புதுப்பெண் தாழ்வாரத்து அடுப்புச் சோற்றைச் சாப்பிட உட்கார்ந்தால் எப்படி இருந்திருக்கும்? மாமனாரின் அக்கா அப்போது உயிரோடு இருந்தார். "சுமங்கலி இந்தத் தட்டைத் தொட்டால் என் மருமகனுக்கு ஆகுமா? மருந்துக்காவது ஒரு துண்டு மீனை வாயில் போடச் சொல்" என்றார், நான் காதில் வாங்கவேண்டும் என்றே.

மாமியார் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார்: "அவர்கள் வீட்டில் ஏழு தலைமுறையாக இதைத்தான் சாப்பிடுகிறார்கள். ஆண்பிள்ளைகள் எல்லோரும் செத்தா போய்விட்டார்கள்?"

பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு இது ஆயத் தெரியுமா?" என்றார். நான் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தேன். ஒவ்வொரு பூவிலும் நரம்பை உருவிப்போடும் வேலை எனக்கு ஆறு வயதிலிருந்து தெரியும். அரிவாள்மணை, அதில் உட்காருகிற விதம், நறுக்கியதை மோரில் போடுவதா மஞ்சள் தண்ணீரில் போடுவதா என்ற தகராறு... சொந்த வீட்டில் இருப்பதாக எனக்கு முதன்முதலில் தோன்றியது அங்கேதான்.

வேலை நாட்களில் ஒன்பது மணிக்கே சாப்பிட்டுவிட்டு ஓடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, இரண்டு இரண்டரை மணிக்கு, நானும் மாமியாரும் தாழ்வாரத்தில் எதிரெதிரே உட்காருவோம். அவர் தேங்காயும் கொண்டைக்கடலையும் போட்டு வாழைப்பூ செய்வார். நான் பருப்பு உசிலி செய்வேன். மிளகு ரசம், மோர்க்குழம்பு, பூசணிக்காய்க் கூட்டு என்று வெங்காயமும் பூண்டும் தொடாத ஒரு பெரிய உலகம் எங்கள் சமையலில் இருக்கிறதே. ரசத்தை அவர் 'புளித்தண்ணீர்' என்றுதான் சொல்வார், ஆனால் இரண்டு கிண்ணம் குடிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, விரலை நக்கிக்கொண்டே, "பதினெட்டு வருஷமாக இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்" என்றார். நான் எனக்குள் மிகவும் பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்தப் பெருமையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எதையும் எறியமாட்டார். சுரைக்காய்த் தோல், உருளைக்கிழங்குத் தோல், பூசணி விதை எல்லாம் ஏதாவது ஒரு கறியாகிவிடும். பிளாட்பாரத்தில் கற்றது என்பார். அப்பா முதன்முதலில் சம்பந்தி வீட்டுக்குச் சாப்பிட வந்த நாளில் உருளைத்தோல் வறுவல் பரிமாறப்பட்டதைப் பார்த்து நான் வெட்கிப்போனேன். அப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அது என்ன காய் என்று அவர் கடைசி வரை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எனக்கு ஒரே ஒரு குறை. எங்கள் வீட்டில் விரத நாள் தவிர மற்ற நாட்களில் சின்ன வெங்காய சாம்பார் உண்டு. எனக்கு அது உயிர். தாழ்வாரத்து அடுப்பில் வெங்காயம் ஏறாது. மீன் சமைக்கிற அடுப்பு எனக்கு ஒத்துவராது. வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் அம்மா வீட்டுக்குப் போய்வந்தால் என் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நாள் பாங்கிலிருந்து திரும்பினால் வீடு முழுக்க வெங்காய சாம்பார் மணம். லேக் மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்பிச் சின்ன வெங்காயம் வாங்கி, என் அம்மாவிடம் செய்முறை கேட்டுவரச் சொல்லி, உள்ளே இருந்த அடுப்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, புதுப் பாத்திரத்தில் செய்திருந்தார். செய்தவர் ருசி பார்க்க முடியாது. வெங்காயமாயிற்றே! உப்பு கரித்தது. அதற்குப் பிறகு பத்து நாளைக்கு ஒருமுறை அந்தச் சாம்பார் நடந்தது. ஒவ்வொரு தடவையும் உப்பு அதிகம். நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

மீனும் அப்படித்தான். பிள்ளைகளுக்காக அவரே சமைப்பார். சமைத்து முடித்து, குளித்து, சேலை மாற்றிக்கொண்டுதான் தன் அடுப்புக்கு வருவார். வாயில் வைக்காமலே மீன் குழம்புக்கு மட்டும் உப்பு சரியாகப் போடுவார். அது கையில் இருந்தது. மழைக்காலத்தில் இலிஷ் வரும். மீன்காரன் கூடையை இறக்கும்போதே, அடுக்களையில் இருந்தபடி, "பத்மா என்று சொல்லி ஏமாற்றாதே. இது கோலாகாட்" என்று குரல் கொடுப்பார். மணத்திலேயே எந்த ஆறு என்று கண்டுபிடிக்கிற அந்த மூக்கைப் பற்றித் தெருவில் பேசிச் சிரிப்பார்கள். (2012-இல் வங்கதேசம் இலிஷ் ஏற்றுமதியை நிறுத்தியது. 2019-லிருந்து பூஜைக் காலத்தையொட்டிக் கொஞ்சம் அனுப்ப ஆரம்பித்தார்கள். கல்கத்தாவில் அந்த மீன் விலை கேட்கும்போதெல்லாம் அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.)

என் மகள் நான்கு வயதில் கேட்டாள், "டாக்குமா, நீ ஏன் மீன் சாப்பிடுவதில்லை? அம்மாவுக்குப் பிடிக்காது. உனக்கும் பிடிக்காதா?" அவர் அவளுக்கு முள் எடுத்து ஊட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு மறந்துபோய்விட்டது" என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

உறைத்தது 1991-இல். என் கணவரின் தம்பி மார்கழி மாதம் ஒரு காலையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது மாரடைப்பில் விழுந்தார். முப்பத்தேழு வயது. என் ஓர்ப்படிக்கு முப்பத்திரண்டு. பையன் இரண்டாம் வகுப்பில் இருந்தான். மாமியார் அழுததை யாரும் பார்க்கவில்லை. தாழ்வாரத்தில் சுவரோடு சாய்ந்து, தன் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். துக்கம் காத்த நாட்களில் வீட்டில் எல்லோருக்குமே உப்பில்லாத பச்சரிசிச் சோறு, காய் வேகவைத்தது. அதனால் யாருக்கு என்ன தட்டு என்ற பேச்சே எழவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் 'நியமபங்கம்'. விரதத்தை முறிக்கிற நாள். உறவினரைக் கூப்பிட்டு மீன் சமைத்துப் போட்டு, குடும்பம் மறுபடி மீன் சாப்பிட ஆரம்பிக்கும். இறந்தவனின் மனைவியைத் தவிர. அன்றிலிருந்து அவளுக்குத் தனித் தட்டு. முந்தின நாள் இரவு, அத்தை கரையில்லாத வெள்ளைப் புடவை இரண்டைக் கொண்டுவந்து வைத்தார். சின்னவள் எதையும் கவனிக்கும் நிலையில் இல்லை. அவள் இனிமேல் எப்படிச் சாப்பிடுவாள் என்ற கேள்வி அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் உதவி செய்கிறதாக நினைத்து நான் சொன்னேன்: "அவள் ஒன்றும் தனியாக உட்காரவேண்டாம், மா. தாழ்வாரத்தில் நம்மோடு உட்காரட்டும். மூன்று பேராகச் சாப்பிடுவோம்."

மாமியார் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் படுத்த பிறகு என்னைக் கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் அத்தனை கோபமாக அவர் என்னிடம் பேசியது அந்த ஒருமுறைதான்.

"நீ சாப்பிடுவது உன் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்தது. என் தட்டில் இருப்பது என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது போக மீதி. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இரண்டும் ஒன்றா?"

பதிமூன்று வருடங்களாக அவர் எதிரே உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிட்டிருக்கிறேன். அவருக்குத் துணையாக இருக்கிறேன் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். அவர் தட்டில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தெரிந்திருக்கவேண்டும். எங்கள் குடும்பத்திலேயே ஒரு அத்தைப்பாட்டி இருந்தாள். மழித்த தலையும் நார்மடியுமாக, தஞ்சாவூர்ப் பக்கத்து வீட்டில் பின்கட்டை விட்டு வெளியே வராமல். எங்கள் பக்கம் தலைமுடியை எடுத்தார்கள், அவர்கள் பக்கம் மீனை எடுத்தார்கள். யாருக்கு எது பிரியமோ அதைப் பார்த்து எடுப்பதில் நம் தேசத்தில் ஒரு ஒற்றுமை இருக்கத்தான் செய்கிறது. வித்யாசாகர் போராடி, விதவை மறுமணத்துக்கு 1856-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் எந்தச் சட்டமும் ஒரு பெண்ணின் தட்டுக்குள் எட்டிப் பார்த்ததில்லை. வங்காள சைவச் சமையலின் நுட்பத்தைப் புகழ்ந்து பத்திரிகைகளில் அடிக்கடி எழுதுகிறார்கள். தோலிலும் தண்டிலும் இத்தனை ருசியா என்று வியக்கிறார்கள். படிக்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். வேறு எதையும் கொடுக்காமல் உட்கார வைக்கப்பட்டவர்கள் கண்டுபிடித்த ருசி அது.

மறுநாள் பந்தியில் என் ஓர்ப்படியைக் கைபிடித்து அழைத்துவந்து பெண்கள் வரிசையின் நடுவில் உட்கார வைத்தார் மாமியார். வெளிர்நீலப் புடவை கட்டிவிட்டிருந்தார். வெள்ளைப் புடவை இரண்டும் அத்தையின் பையிலேயே திரும்பிப் போயிருந்தன. மீன் குழம்பை யாரிடமும் கொடுக்காமல் தானே எடுத்துவந்து அவள் தட்டில் ஒரு துண்டை வைத்தார். பந்தியே நின்றுவிட்டது. அத்தை எழுந்துகொண்டார். அவரோடு இன்னும் மூன்று பேர் எழுந்தார்கள். மாமியார் தடுக்கவில்லை.

சின்னவள் தட்டைப் பார்த்து விசும்பினாள். "வேண்டாம், மா. எனக்கு இறங்காது" என்றாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் மகளுக்குச் செய்கிற மாதிரி முள் எடுத்தார். "தெரியும். இன்றைக்கு ஒரு வாய் சாப்பிட்டுவிடு. இன்றைக்கு நீ சாப்பிடாவிட்டால் நாளைக்கு உனக்கு யாரும் போடமாட்டார்கள்."

அவள் சாப்பிட்டாள். அழுதுகொண்டே, ஒரே ஒரு வாய். என் மாமியார் எழுந்து குளிக்கப் போனார். குளித்து வந்து, வழக்கம் போல் தன் அடுப்பை மூட்டினார். மூன்று மணிக்கு நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். பேசிக்கொள்ளவில்லை. இறந்தது அவர் பெற்ற பிள்ளை என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக நினைவுக்கு வந்தது.

உறவில் பாதிப் பேர் ஐந்தாறு வருடம் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. மாமியார் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை. சின்னவளை அவள் கணவரின் அலுவலகத்திலேயே வேலைக்குச் சேரச் சொன்னார். அவள் தயங்கியபோது கூடவே போய் அந்த அலுவலகத்தின் பெஞ்சில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். பையனைப் பள்ளிக்கு அனுப்புவது, என் மகளுக்குப் பாட்டு வாத்தியார் வைப்பது, அவள் தமிழ் எழுதப் படிக்கக் கற்றே ஆகவேண்டும் என்று என்னைவிடக் கண்டிப்பாக நிற்பது எல்லாம் எப்போதும்போல் நடந்தன.

நாங்கள் இரண்டு பேரும் எத்தனையோ தடவை அவரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறோம். எங்களுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா? ஏகாதசியன்று காய்ச்சலோடு தண்ணீர் குடிக்காமல் அவர் கிடந்த ஒரு நாளில் நான் கத்திக்கூட இருக்கிறேன். பதில் வராது. 2003-இல், கடைசி நோயில், உடம்பு தேற மாகுர் மீன் குழம்பு கொடுக்கச் சொன்னார் டாக்டர். சின்னவள் இஞ்சியும் சீரகமும் மட்டும் அரைத்துப் பத்தியமாகச் செய்து கிண்ணத்தில் எடுத்துப் போனாள். நான் வாசற்படியில் நின்றேன். அவர் கிண்ணத்தை வாங்கி முகத்தருகே வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இப்போது சாப்பிட்டால் அந்த நாற்பத்துமூன்று வருஷமும் வீண் என்று ஆகிவிடும்" என்றார். "அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. பேரனுக்குக் கொடு."

அந்த வாரமே போய்விட்டார். எழுபத்தொன்பது வயது. நியமபங்கத்தன்று மீன் சமைத்தோம். அத்தையின் மகள்கூட வந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள். தாழ்வாரத்து அடுப்பை அதற்குப் பிறகு யாரும் மூட்டவில்லை. நான் உள்ளே கேஸ் அடுப்பில் எனக்கு வேண்டியதைச் செய்துகொள்ளப் பழகினேன். ஒரே அடுப்பு. முதல் நாள் எனக்குக் கொஞ்சம் குமட்டியது, பிறகு சரியாகிவிட்டது. என் மகள் இப்போது புனேயில் இருக்கிறாள். உருளைத்தோல் வறுக்கிறாள், சுரைத்தோலை எள்ளோடு வதக்குகிறாள், அவள் கணவர் அதைத் தமிழ்நாட்டுச் சமையல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

2017-இல் என் கணவர் இறந்தார். அந்தப் பதிமூன்று நாட்களில், மற்ற துக்கங்களுக்கு நடுவில், ஒரு சின்ன விஷயம் என் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. என் தட்டு மாறப் போவதில்லை. மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. பிடுங்குவதற்கு என்னிடம் எதுவுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். யாரும் வெள்ளைப் புடவை கொண்டுவரவும் இல்லை. அந்த மாதிரிச் சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார்கள்.

நியமபங்கத்தன்று பந்தியில் என்னை உட்கார வைத்தாள் என் ஓர்ப்படி. சோறு வைத்தாள். பிறகு உள்ளே போய், கைப்பிடித்துணியில் ஒரு சின்னப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். மூடியைத் திறக்கும்போதே மணம் தெரிந்துவிட்டது. சின்ன வெங்காய சாம்பார். கரண்டி நிறைய வெங்காயமாக வாரி என் தட்டில் போட்டாள்.

"மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், தீதி" என்றாள். "அப்போதே, ஆஸ்பத்திரியில். 'பெரியவளுக்கு மீன் கிடையாது. அந்த நாளில் வெங்காயம் போடு, மறந்துவிடாதே' என்று. செய்முறையும் சொன்னார்."

எனக்கு இறங்கவில்லை. ஒரு வாய் சாப்பிட்டேன். உப்பு அதிகமாக இருந்தது.